ஆரம்பக் கல்வியில் ஆய்வலகு: தோற்றமும் வளர்ச்சியும்

ஏழு வயதுக் குழந்தை மழையைக் காணும்போது அதனை விஞ்ஞானமென்றோ புவியியலென்றோ பகுத்துக் காண்பதில்லை. மழை எங்கிருந்து வருகின்றது, பெய்த நீர் எங்கே போகின்றது என்றே அது வினவுகின்றது. பாடசாலையுள் நுழைந்ததும் அந்த ஒரே மழை நேரசூசியின் கட்டங்களுட் சிதறிவிடுகின்றது. மொழிப் பாடத்தில் அஃது ஒரு பாட்டு. சுற்றாடற் பாடத்தில் ஒரு படம். கணிதத்தில் அதற்கு இடமேயில்லை. அறிவு முதிருந்தோறும் துறைகளாகப் பிரிதல் இயல்பு. ஆயின், பிரியுமுன்னரே பிரித்துக் கொடுத்தால் குழந்தை விடைகளைப் பெறுமேயன்றி வினாவை இழந்துவிடும். இக்குறையை நீக்கும் பொருட்டுக் கல்வியாளர் கண்ட வழிகளுள் ஒன்று ஆய்வலகு. ஒரு வினாவை நடுவே நிறுத்தி, அதற்கு விடைகாணும் முயற்சியிற் பல பாடங்களின் அறிவும் பயிற்சியும் வந்து சேருமாறு சில வாரங்களுக்கு வகுத்துக்கொள்ளும் கற்பித்தற் பகுதியே ஆய்வலகாகும். இம்முறை பல நாடுகளிற் பல பெயர்களுடன் தோன்றியும் தேய்ந்தும் மீண்டும் தோன்றியும் வந்துள்ளது. அவ்வரலாற்றை நோக்குமிடத்து, அது வென்ற இடங்களும் தோற்ற இடங்களும் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பப் பாடசாலைகளிற் பாடப்பிரிவினை இறுகியமைக்கு ஆட்சி முறையும் ஒரு காரணமாயிற்று. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டக்கோவை, பரிசோதகர் முன்னிலையில் ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பிலும் எழுத்திலும் எண்ணிலும் பெறும் சித்தியைப் பொறுத்தே பாடசாலைக்கு அரசாங்க நன்கொடை வழங்க வகை செய்தது. அளக்கக்கூடியதற்கே பணம் என்ற நிலை வந்ததும், அளக்க முடியாதவை பின்தள்ளப்பட்டன. வினவுதலும் அவற்றுள் ஒன்று. இதற்கு மாறான சிந்தனை ஐரோப்பாவில் முன்னரே தோன்றியிருந்தது. சுவிற்சர்லாந்தின் பெஸ்தலோசி, பொருள்களை நேரே கண்டறிதலைக் கல்வியின் அடிப்படையாக்கினார். ஜெர்மானிய அறிஞர் ஹேபாட்டின் வழிவந்த சில்லர், பாடங்களை ஒரு மையப் பொருளைச் சுற்றி அமைக்கலாமெனக் கண்டு, முதலாண்டுக்குத் தேவதைக் கதைகளையும் இரண்டாம் ஆண்டுக்கு ரொபின்சன் குரூசோவின் கதையையும் மையமாக வகுத்தார். பாடங்களை இணைக்கும் எண்ணத்துக்கு இது நல்ல தொடக்கமே. எனினும் இங்கே மையமாக நின்றது ஒரு கதை, வினா அன்று. கதையில் வரும் பொருள்களை ஒட்டிப் பிற பாடங்கள் தொடுக்கப்பட்டன. பூக்களை நார் பிணைப்பது போன்றது அது. ஒரு வேரிலிருந்து கிளைப்பது போன்றதன்று.

வேரிலிருந்து கிளைக்கும் முறையை முதன்முதல் விரிவாக நடத்திப் பார்த்தது அமெரிக்காவின் சிக்காக்கோ நகரில் இயங்கிய ஒரு சிறு பாடசாலையாகும். சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் மெய்யியற் பேராசிரியராயிருந்த யோன் டூயி, 1896ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் 16 மாணவருடன் அதனைத் தொடங்கினார். விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் இருப்பது போலக் கல்விக் கொள்கைக்கும் ஓர் ஆய்வுகூடம் வேண்டுமென்பது அவர் கருத்து. பாடசாலை விரைந்து வளர்ந்து, தன் உச்ச நிலையில் 140 மாணவரையும் 23 ஆசிரியரையும் 10 உதவியாளரையும் கொண்டிருந்தது. சமைத்தல், தைத்தல், நெய்தல், தச்சுவேலை ஆகிய மனிதத் தொழில்கள் பாடவிதானத்தின் நடுவிடத்தைப் பெற்றன. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் அவற்றை ஒருங்கே செய்தனர். தொழிலாளரை உருவாக்குதல் நோக்கமன்று. மனிதகுலம் தன் தேவைகளை எவ்வாறு நிறைவேற்றி அறிவை வளர்த்ததென்பதைப் பிள்ளைகள் தம் கைகளாலேயே அறிதல் வேண்டுமென்பதே நோக்கம்.

டூயி 1899ஆம் ஆண்டில் நிகழ்த்திய விரிவுரைகளுட் கூறிய ஓர் எடுத்துக்காட்டு இம்முறையின் உட்கருத்தைத் தெளிவாக்கும். பிள்ளைகளிடம் பருத்திக் காய்களும் ஆட்டுக் கம்பளியும் கொடுக்கப்பட்டன. முற்காலத்தில் மக்கள் பருத்தியாடையிலும் கம்பளியாடையையே மிகுதியாக அணிந்தமைக்குக் காரணம் யாது என்ற வினா எழுந்தது. பிள்ளைகள் காயிலிருந்தும் விதையிலிருந்தும் பஞ்சைக் கையாற் பிரிக்க முயன்றனர். 30 நிமிடம் உழைத்தும் ஓர் அவுன்சுப் பஞ்சுகூடத் தேறவில்லை. 30 நிமிடத்துக்கு ஓர் அவுன்சு என்றே கொண்டாலும், 16 அவுன்சு கொண்ட ஓர் இறாத்தலுக்கு 8 மணி நேரம், அதாவது ஒருவரின் ஒருநாள் உழைப்பு முழுவதும் வேண்டும். கம்பளி இழை பருத்தி இழையிலும் நீண்டதென்பதையும், அது சொரசொரப்பாய் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் நூற்றற்கு எளிதென்பதையும் அவர்கள் தொட்டறிந்தனர். இவ்வளவும் அறிந்த பிள்ளைக்கு, 1793இல் எலி விற்னி அமைத்த பஞ்சு பிரிக்கும் பொறி வரலாற்றில் ஏன் அத்துணைப் பெரிய மாற்றத்தை விளைத்ததென்பதை எவரும் வற்புறுத்திக் கூறவேண்டியதில்லை.

இங்கே கணிதமும் விஞ்ஞானமும் வரலாறும் எவ்வாறு வந்தன என்பதைக் கவனித்தல் வேண்டும். அவை அலகை அலங்கரிக்க அழைக்கப்படவில்லை. கணக்கிடாமல் அவ்வினாவுக்கு விடையில்லை. இழையை ஆராயாமல் விடையில்லை. முற்கால மக்களின் வாழ்க்கையை அறியாமலும் விடையில்லை. ஒவ்வொரு பாடமும் தேவைப்பட்டதனால் வந்தது. சில்லரின் மையக் கதைக்கும் டூயியின் வினாவுக்குமுள்ள வேறுபாடு இதுவே.

டூயியின் பாடசாலையிற் பிள்ளைகள் விரும்பியதை விரும்பியபோது செய்தனர் என்று பின்னாளிற் பலர் எழுதினர். அஃது உண்மைக்கு மாறானது. அப்பாடசாலையில் ஆசிரியைகளாயிருந்த சகோதரியர் கதரின் மேயூ, அன்னா எட்வேட்ஸ் ஆகிய இருவரும் 1936இல் வெளியிட்ட விரிவான நூல், அங்கே நிலவிய திட்டத்தின் ஒழுங்கைக் காட்டுகின்றது. நான்கு, ஐந்து வயதினர் வீட்டுத் தொழில்களையும், ஆறு வயதினர் வீட்டுக்கு உணவும் பொருளும் தரும் கமம் முதலிய தொழில்களையும் ஆராய்ந்தனர். ஏழு வயதில் ஆதிமனிதரின் கண்டுபிடிப்புகளும், எட்டு வயதில் நாடுகாண் பயணங்களும், ஒன்பது வயதிற் சொந்த நகரின் வரலாறும் வந்தன. ஆண்டுக்காண்டு வினா விரிந்தது, பயிற்சி ஆழ்ந்தது. வாசிப்பும் எண்ணும் வேலையினிடையே தேவைப்பட்டபோது, அவற்றுக்கெனத் தனிநேரம் ஒதுக்கிப் பயிற்றப்பட்டன.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. பாடங்கள் இணைய வேண்டுமாயின் ஒரே ஆசிரியர் எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டுமென்றே டூயி தொடக்கத்தில் எண்ணியிருந்தார். அனுபவம் அவ்வெண்ணத்தை மாற்றியது. எல்லாத் துறையிலும் ஒருவர் ஆழ்ந்த அறிவு பெற்றிருத்தல் அரிதாகலின், விஞ்ஞானத்தை விஞ்ஞானமறிந்தவரும் வரலாற்றை வரலாறறிந்தவரும் கற்பிக்குமாறு ஒழுங்கு மாற்றப்பட்டது. அவ்வாறாயின் ஒருமைப்பாடு எங்கிருந்து வந்தது? ஆசிரியர் வாரந்தோறும் கூடி, சென்ற வாரம் பிள்ளைகள் எங்கே தடுமாறினர், வரும் வாரம் எந்தப் பாடம் எதற்கு உதவவேண்டும் என்று கலந்து திட்டமிட்டதிலிருந்து வந்தது. இணைப்பு ஓர் ஆசிரியரின் தலைக்குள் மட்டும் இருக்கவேண்டிய பொருளன்று. ஒரு மேசையைச் சுற்றி உருவாகக்கூடிய பொருளுமாகும்.

பல்கலைக்கழக நிருவாகத்துடன் நேர்ந்த வேற்றுமைகளால் டூயி 1904இற் சிக்காக்கோவை விட்டு நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அவர் நடத்திய பரிசோதனை எட்டு ஆண்டுகளில் முடிவெய்தியது. 140 பிள்ளைகளுக்கு 23 ஆசிரியர் என்பது எந்த நாட்டின் பொதுப் பாடசாலைக்கும் எட்டாத விகிதம் என்பதையும், அப்பிள்ளைகளுட் பெரும்பாலோர் கற்ற குடும்பத்தினர் என்பதையும் மறத்தலாகாது. அங்கே தவறவிடப்பட்டதை வீட்டிலே பெறும் வாய்ப்பு அவர்களுக்கிருந்தது.

அடுத்த கட்டம் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் தொடங்கியது. டூயியின் மாணவராயிருந்து அங்கே பேராசிரியரான வில்லியம் கில்பற்றிக், 1918ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திற் செயற்றிட்ட முறை என்னும் கட்டுரையை வெளியிட்டார். பிள்ளை முழுமனத்துடன் ஒரு நோக்கத்தை மேற்கொண்டு, திட்டமிட்டு, செய்து முடித்து, தானே மதிப்பிடுதல் என்ற நான்கு படிகளை அவர் வகுத்தார். கட்டுரை பல பதிப்புகளாகப் பரவிற்று. உலகெங்குமுள்ள ஆசிரிய கலாசாலைகளில் அச்சொல் புகுந்தது. ஆயின் டூயியின் முறையில் நடுநாயகமாயிருந்த வினாவின் இடத்தைக் கில்பற்றிக்கின் முறையிற் பிள்ளையின் விருப்பம் பிடித்துக்கொண்டது. விருப்பம் இல்லாத கல்வி உயிரற்றதென்பது உண்மையே. விருப்பம் ஒன்றே போதுமென்பது அதனின் வேறான கூற்று.

கில்பற்றிக்கின் மாணவரான எல்ஸ்வேத் கொலிங்ஸ் என்பவர், மிசூரி மாநிலத்துக் கிராமப் பாடசாலை ஒன்றில் இம்முறையைக் கைக்கொண்டு பெரும் பயன் கண்டதாக 1923இல் ஒரு நூல் வெளியிட்டார். அயலில் ஒரு குடும்பத்துக்கு நெருப்புக் காய்ச்சல் அடிக்கடி வருவதேன் என்று பிள்ளைகள் தாமே ஆராயப் புறப்பட்ட கதை அதிற் கூறப்பட்டுள்ளது. கல்வி நூல்கள் அதனை நீண்டகாலம் எடுத்தாண்டன. ஜெர்மானிய ஆய்வாளர் மைக்கேல் க்னோல் மூல ஆவணங்களை ஆராய்ந்து, அப்பரிசோதனை நூலில் விவரிக்கப்பட்டவாறு நடைபெறவில்லையென 1996இல் எடுத்துக்காட்டினார். ஒரு தலைமுறை ஆசிரியருக்கு வழிகாட்டியாய் நின்ற சான்று இவ்வாறு ஆட்டங்கண்டது. டூயியோ இதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, 1938இல் வெளியிட்ட அனுபவமும் கல்வியும் என்னும் நூலில், எல்லா அனுபவமும் கல்வியாகாது, ஓர் அனுபவம் அடுத்த அனுபவத்துக்கு வழிதிறப்பதாக ஒழுங்குபெற்றிருத்தல் வேண்டும் எனத் தம்மைப் பின்பற்றுவதாகக் கூறியோரையே எச்சரித்திருந்தார்.

ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவிலும் பருத்தி வகுப்பறையுட் புகுந்தது. ஆயின் வேறொரு தேவையிலிருந்து. 1937ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் வார்தாவிற் காந்தியடிகள் தலைமையிற் கல்வி மாநாடு கூடியது. அது நியமித்த குழுவுக்குத் தலைவர் கலாநிதி சாகிர் உசேன். அதன் அமைப்பாளராயிருந்தவர் யாழ்ப்பாணத்தவரான ஆரியநாயகம். அவரும் அவர் துணைவியார் ஆசாதேவியும் பின்னர்ச் சேவாக்கிராமத்தில் அவ்வாதாரக் கல்வியை வளர்ப்பதற்குத் தம் வாழ்நாளை அர்ப்பணித்தனர். தாய்மொழி மூலம் ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, நூற்றல் போன்ற ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்ட பாடவிதானம் என்பன திட்டத்தின் அடிப்படைகள். குழு கைத்தொழிலை மட்டுமன்றி இயற்கைச் சூழலையும் சமூகச் சூழலையும் இணைப்பு மையங்களாகக் கொண்டது.

தக்கிளியில் நூற்கும் பிள்ளைக்குக் கணிதம் இயல்பாகவே வந்து சேரும். ஓர் இறாத்தல் நூலில் 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை உள என்பதே நூலின் இலக்கம் எனப்படுவது. நூல் மெல்லியதாக ஆக இலக்கம் உயர்வதேன் என்று சிந்திக்கும் பிள்ளை, நிறைக்கும் நீளத்துக்குமுள்ள விகிதத்தைக் கையிலேயே பிடித்து விடுகின்றது. பருத்தி விளையும் மண், மழை, ஆலைத்துணி வந்தபின் கிராமத்து நெசவாளர் அடைந்த நிலை ஆகியவையும் அவ்வாறே. ஆனால் எல்லாப் பாடத்தையும் தக்கிளியிற் கட்டவேண்டுமென்ற நிலை வந்தபோது இடர் தொடங்கிற்று. துருவப் பிரதேசத்தின் பனியையும் கோள்களின் இயக்கத்தையும் நூலோடு பிணைக்க முயலும் ஆசிரியர் பிணைப்பையே கற்பிப்பார், பொருளைக் கற்பியார். செயற்கையான இணைப்பு என்ற குறை ஆதாரக் கல்வியைப் பற்றி அடிக்கடி கூறப்பட்டது. குழுவின் நேரசூசியில் 5 மணி 30 நிமிடம் கொண்ட பாடசாலை நாளில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. பிள்ளைகளின் உற்பத்தியாற் பாடசாலைச் செலவு ஈடாகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு, பொருள் பெருகியதா என்ற கேள்வியை முன்னிறுத்தி, பொருள் விளங்கியதா என்ற கேள்வியைப் பின்தள்ளும் ஆபத்தை உடையதாயிருந்தது. 1964 முதல் 1966 வரை விசாரணை நடத்திய கோத்தாரி ஆணைக்குழு, தொழிலனுபவம் என்ற வேறு கருத்தை முன்வைத்தது.

இலங்கையும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1930களிற் கண்டிப் பகுதியின் ஹந்தெஸ்ஸையிலிருந்து பரவிய கிராமியக் கல்வித் திட்டம், பயிர்ச்செய்கை, சுகாதாரம், கைத்தொழில் ஆகிய கிராம வாழ்வின் கூறுகளைச் சார்ந்து பாடங்களை அமைக்க முயன்றது. அதன் கல்விக் கருத்தில் உயர்வு இருந்தது. ஆயின் ஆங்கிலப் பாடசாலையே உத்தியோகத்துக்கு வாயிலாயிருந்த அக்காலத்தில், கிராமப் பிள்ளையைக் கிராமத்திலேயே நிறுத்துதற்கான கல்வி இதுவோ என்ற ஐயம் எழுந்தமை வியப்பன்று. அந்த ஐயம் பெற்றோரின் அறியாமையிற் பிறந்ததன்று. இருவகைப் பாடசாலைகளுக்கிடையே நிலவிய அநீதியிற் பிறந்தது. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் அந்த அநீதியைக் குறைக்க வழிகோலின. 1972ஆம் ஆண்டின் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு ஒன்றிணைந்த கலைத்திட்டத்தை அறிமுகஞ் செய்தது. 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்து, தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றோடு சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளை நிறுவியது. முதல் நிலையில் விளையாட்டும் செயற்பாடும் மிகுந்திருக்க, மூன்றாம் நிலையாகிய ஐந்தாம் ஆண்டில் எழுத்துவேலை மிகுதல் அவ்வமைப்பின் ஒழுங்கு. ஐந்தாம் ஆண்டின் முடிவிலே புலமைப்பரிசிற் பரீட்சை நிற்கின்றது. வினாவிலே தொடங்கிய பிள்ளை விடைத்தாளிலே முடிவது இதன் விளைவாகலாம்.

இந்நெடிய வரலாறு ஆசிரியருக்கு உணர்த்துவது யாது? தலைப்பு வேறு, வினா வேறு என்பதே. தண்ணீர் என்பது ஒரு தலைப்பு. அதன்கீழ்த் தண்ணீரைப் பற்றிய பாட்டு, தண்ணீர்க் குடங்களைக் கூட்டும் கணக்கு, தண்ணீர்த் துளிக்கு வர்ணந் தீட்டல் ஆகியவற்றை அடுக்கினால் அஃது ஆய்வலகாகாது. ஒரே நிறத்தாளிற் சுற்றிய பல பொதிகளே ஆகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரத்துப் பாடசாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தை மாதத்தில் நன்னீராயிருந்த கிணறு ஆடியில் உவர்ப்பதேன் என்பது வினா. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. வடகீழ்ப் பருவமழை சுண்ணாம்புக்கற் பாறையினுட் சுவறித் தங்கி, தன்னிலும் அடர்ந்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. இறைப்பு மிஞ்சினால் உவர் மேலெழுகின்றது. நான்காம் வகுப்புப் பிள்ளை இதனை அறிதற்கு, கட்டுள்ள கிணற்றில் ஆசிரியர் மேற்பார்வையில் வாரம் ஒருமுறை கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து வரைபிற் குறிக்கவேண்டும். உப்புக் கரைசலின்மேல் வர்ணமூட்டிய நன்னீரை மெல்ல ஊற்றி, அது மேலே நிற்பதைக் காணவேண்டும். சுண்ணாம்புக் கல்லில் வினாகிரி விட்டு அது நுரைப்பதைப் பார்க்கவேண்டும். துலா மிதித்து இறைத்த காலத்தையும் நீர்ப்பம்பி வந்த காலத்தையும் கண்ட முதியோரிடம் கேட்டு எழுதவேண்டும். கணிதமும் விஞ்ஞானமும் மொழியும் வரலாறும் இங்கே தாமாகவே தேவைப்படுகின்றன. அளத்தல் தை முதல் ஆடி வரை வாரத்துக்குப் பத்து நிமிட வேலையாகத் தொடரலாம். செறிந்த பாடங்களுக்கு இறுதி மூன்று வாரங்கள் போதும். கோயிற் கேணியைக் காட்டிச் சமய பாடத்தையும் இதனுள் இழுத்துக் கட்டவேண்டியதில்லை. தேவைப்படாத பாடத்தை வெளியே விடுதலும் திட்டமிடலின் ஒரு பகுதியே.

ஆகவே, ஓர் அலகைத் திட்டமிடும் ஆசிரியர் தம்மைக் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று. இந்தப் பாடத்தை நீக்கிவிட்டால் வினாவுக்கு விடைகாண முடியுமா? முடியுமாயின் அப்பாடம் அங்கே விருந்தாளியே. இவ்வலகினுள் வரும் கணிதமும் மொழியும் அவ்வகுப்புக்குரிய படிமுறையில் அடுத்த படியா, ஏற்கனவே கற்றதன் மீளுரையா? அலகு இடங்கொடாத பயிற்சிக்கு நேரசூசியில் எங்கே தனியிடம் உண்டு? பெருக்கல் வாய்ப்பாட்டையும் எழுத்துக்கூட்டலையும் கிணறு கற்பித்துவிடாது. அவற்றுக்குரிய நேரத்தை அவற்றுக்கே அளித்தல் வேண்டும். சிக்காக்கோவில் அவ்வாறே செய்யப்பட்டது. பின்வந்த பலர் மறந்ததும் அதனையே.

இம்மறதியின் இழப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றன்று. கற்ற பெற்றோரின் பிள்ளை, வகுப்பில் விட்டதை வீட்டிலும் தனிப்பட்ட வகுப்பிலும் பெற்றுக்கொள்ளும். கூலிக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்குப் பாடசாலையன்றி வேறிடமில்லை. படங்கள் ஒட்டிய அழகிய சுவரின் பின்னே வாசிப்பும் எண்ணும் குன்றுமாயின், புதுமுறையின் பெயரால் அப்பிள்ளையே வஞ்சிக்கப்படும். மனனமொன்றே கல்வியாயினும் வஞ்சிக்கப்படுவது அப்பிள்ளையே. ஏனெனில் தன் வாழ்வை மாற்றும் வினாக்களைக் கேட்கும் ஆற்றல் அதற்கு வேறெங்கும் கிட்டாது.

நாற்பது பிள்ளைகளுக்கு ஓராசிரியர் உள்ள பாடசாலையிற் சிக்காக்கோவின் விகிதத்தை எதிர்பார்த்தல் இயலாது. ஆயினும் அங்கே பயன் தந்த ஒன்று செலவின்றிக் கிடைக்கக்கூடியது. வாரத்தில் ஒருமுறை ஆசிரியர் கூடியிருந்து, இவ்வாரம் பிள்ளைகள் என்ன வினவினர் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதே அது. அக்கேள்விக்கு விடைகூற வேண்டுமாயின் ஆசிரியர் முதலில் வகுப்பிற் பிள்ளைகளின் வாய்மொழிக்குச் செவிகொடுத்திருத்தல் வேண்டும். ஆய்வலகுக்கான திட்டம் அந்தச் செவிகொடுத்தலிலேயே தொடங்குகின்றது.